கடல் இல்லாத ஊரில் ஒரு தீவு... சிறுமலைக்கு ஒருநாள் போய் வரலாமா?

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் சனிக்கிழமை காலையில் நின்று பாருங்கள். கழுத்தில் மப்ளர், தோளில் பை, கையில் குழந்தை என்று ஒரு கூட்டம் இறங்கும். இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "கொடைக்கானல் பஸ் எங்கே நிக்கும்ணே?" என்பதுதான். அடுத்த கூட்டம் பழநிக்கு. அதற்கடுத்தது மதுரைக்கு. வந்தவர்களில் திண்டுக்கல்லுக்கு என்றே வந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிரியாணி சாப்பிட இறங்குகிறவர்கள்கூட, கை கழுவியதும் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள்.

அதே பேருந்து நிலையத்திலிருந்து, அதிகம் பேர் கண்டுகொள்ளாத இன்னொரு பஸ்ஸும் கிளம்புகிறது. அதில் சுற்றுலாப் பயணிகள் குறைவு. காலியான சாக்கு, மளிகைப் பை, மருந்துச் சீட்டு என ஊர்க்காரர்களின் கூட்டம்தான். பலகையில் எழுதியிருக்கும் ஊர், சிறுமலை.

இந்த மலையை ஒரு தீவு என்றே சொல்லலாம். சும்மா உவமைக்காகச் சொல்வதல்ல. நாலாபுறமும் வறண்ட சமவெளி சூழ, நடுவில் தனியே உயர்ந்து நிற்கும் மலைகளைச் சூழலியலில் 'வான்தீவு' என்றே அழைக்கிறார்கள். தீவுக்குக் கடல் வேலி என்றால், வான்தீவுக்குச் சமவெளியின் வெப்பம்தான் வேலி. மேலே குளிரில் வாழும் செடியும் பூச்சியும் கீழே இறங்கி, வெயிலைக் கடந்து, பக்கத்து மலைக்குப் போய்ச் சேர்வது எளிதில்லை. அதனால் ஒவ்வொரு மலையும் தனி உலகமாகிவிடுகிறது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள குன்றுக் கூட்டங்களில் ஒன்றாகச் சிறுமலையைச் சொல்கிறார்கள். மேற்கே பழநி மலைத்தொடர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் ஒட்டவில்லை. இடையில் திண்டுக்கல் சமவெளி கிடக்கிறது.

18 வளைவுகள்... ஏற ஏறக் குளிர் கூடும்!

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை சுமார் 25 கிலோமீட்டர். நத்தம் சாலையில் கொஞ்ச தூரம் போனதும் சிறுமலைப் பிரிவு வரும். அங்கிருந்து திரும்பினால் புளியமரங்கள், மாந்தோப்புகள், பிறகு வனத்துறைச் சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் மலை ஏற்றம் ஆரம்பம்.

மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவுகள். குழந்தைகள் இருந்தால் எண்ணச் சொல்லுங்கள், வாந்தி நினைப்பு மறந்துபோகும். முதல் சில வளைவுகளில் முள்மரங்களும் காய்ந்த புதர்களும்தான். பாதிக்கு மேல் போனதும் மரங்கள் உயர்கின்றன, இலைகள் அகலமாகின்றன, காற்றில் ஈரம் கூடுகிறது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் பாட்டி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். ஊர் நெருங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

சாலையில் இன்னும் அழகாக இருப்பது, திரும்பிப் பார்த்தால் தெரியும் கீழ்க்காட்சி. திண்டுக்கல் நகரம் தீப்பெட்டி அடுக்கியதுபோலக் கிடக்கும். அதன் நடுவே ஒற்றைப் பாறை ஒன்று தலையணை மாதிரி எழும்பி நிற்கும். 'திண்டு' போன்ற கல் என்பதால்தான் ஊருக்கே அந்தப் பெயர் என்பார்கள். அது எவ்வளவு பொருத்தமான பெயர் என்பதை மலை மேலிருந்து பார்க்கும்போதுதான் புரிந்துகொள்ள முடியும்.

மலையில் என்ன பார்க்கலாம்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொடைக்கானலை எதிர்பார்த்து யாரும் இங்கே வராதீர்கள். கடைவீதி கிடையாது. குதிரைச் சவாரி கிடையாது, சாக்லேட் கடை வரிசை கிடையாது. பழையூர், புதூர், தென்மலை, அகஸ்தியர்புரம் என்று சின்னச் சின்ன ஊர்கள். நடுநடுவே காபித் தோட்டம், மிளகுக்கொடி படர்ந்த மரங்கள், எலுமிச்சை, பலா, சவ்சவ் பந்தல். அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' போதும் என்பவர்களுக்கான ஊர் இது.

மலையேறும் சாலையின் மேல்பகுதியில் ஒரு காட்சிக் கோபுரம் இருக்கிறது. மேகம் இல்லாத காலை நேரமாக இருந்தால், சமவெளி முழுவதும் விரித்த பாய்போலத் தெரியும். மழைக்காலம் என்றால் வேறு காட்சி. கீழே மேகம், மேலே நீங்கள். அப்போது பார்த்தால் தீவு என்ற சொல்லுக்கு விளக்கமே வேண்டாம்.

ஊருக்குள் ஒரு சிறிய ஏரி உண்டு. அகஸ்தியர்புரத்தை ஒட்டி வெள்ளிமலை நிற்கிறது. செங்குத்தான ஏற்றம், மேலே சிவலிங்கம். பௌர்ணமி, அமாவாசை நாள்களில் பக்தர்கள் வருகிறார்கள். மூட்டு வலி உள்ளவர்கள் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிடலாம், சிவன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது அதிலிருந்து விழுந்த துண்டுதான் சிறுமலை என்று ஊரில் ஒரு கதை உண்டு. மூலிகைக்குப் பெயர்போன மலை என்பதால் பிறந்த கதை. தமிழ்நாட்டில் இன்னும் சில மலைகளும் இதே கதையைச் சொல்கின்றன. அனுமன் வழியெல்லாம் சிந்திக்கொண்டே போயிருப்பார்போல!

குதிரைகள் சுமக்கும் மலை

சிறுமலையில் பார்க்க வேண்டியது எது என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், அது ஏரியும் அல்ல, கோபுரமும் அல்ல. குதிரைகள்.

மேட்டிலும் பள்ளத்திலும் இருக்கும் தோட்டங்கள் பலவற்றுக்கு வண்டி போகும் பாதை கிடையாது. வெட்டிய வாழைத்தாரும் பறித்த எலுமிச்சையும் சாலைக்கு வந்தாக வேண்டும். இரண்டு பக்கமும் சுமையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் சலசலவென்று இறங்கி வருகின்றன குதிரைகள். திரும்பும்போது முதுகில் உர மூட்டை, அரிசி, சில நேரம் சிமென்ட். இழுக்க ஆள்கூடத் தேவையில்லாமல், பழகிய பாதையில் தானாகவே வீடு போய்ச் சேரும் குதிரைகளும் உண்டு.

கீழே மாட்டுக்குப் பொங்கல் வைப்பதுபோல, சிறுமலையில் குதிரைக்கும் பொங்கல் உண்டு. தை மாதம் குளிப்பாட்டி, அலங்கரித்து, மாலை போட்டு நிறுத்துகிறார்கள். வருடம் முழுவதும் சுமந்த முதுகுக்கு ஒருநாள் ஓய்வு.

யாழ்ப்பாணத்தின் நெடுந்தீவைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இங்கே ஒரு ஒற்றுமை தோன்றும். குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போனால் வரும் அந்தத் தீவிலும் குதிரைகள்தான் பேர்போனவை. ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வாரிசுகள் அங்கே காட்டுக்குதிரைகளாகத் திரிகின்றன. அங்கே வேலை போய்விட்டது, குதிரை மட்டும் நிற்கிறது. சிறுமலையில் வேலையும் இருக்கிறது, குதிரையும் இருக்கிறது. ஆனால் எவ்வளவு நாளைக்கு என்பதுதான் கேள்வி. பாதை போட்டால் ஜீப் வரும், ஆத்திர அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வரும். மலைவாழ் மக்கள் கேட்பதும் அதைத்தான், அது நியாயமும்கூட. பாதை வரும் இடத்தில் குதிரையின் தேவை குறையும். இரண்டும் உண்மை.

ஒரு பழம் காணாமல்போன கதை

மதுரை, திண்டுக்கல் பக்கம் பழக்கடையில் "சிறுமலைப் பழம் இருக்கா?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. சின்னப் பழம்தான். தோல் சுருங்கி, பார்க்கச் சுமாராக இருக்கும். புதிதாக வாங்குபவர்கள் அழுகல் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள். உரித்தால்தான் அதன் மணம் தெரியும். லேசான புளிப்பு கலந்த இனிப்பு. ஈரப்பதம் குறைவு என்பதால் சீக்கிரம் கெடாது. பழநி பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைப்பழங்கள் பேர்போனதற்குக் காரணமும் அதுதான். நீர் விடாத பழம், நீண்ட நாள் தாங்கும் பிரசாதம்.

இந்தப் பழம் ஒருகாலத்தில் மலை முழுவதும் விளைந்தது. பிறகு வந்தது முடிக்கொத்து நோய்.

வைரஸால் வரும் நோய் இது. பரப்புவது அசுவினி என்ற சின்னஞ்சிறு பூச்சி. நோய் தாக்கிய வாழையில் புது இலைகள் விரியாது. குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நின்றுவிடும். தார் போடாது. மருந்தடித்துக் குணப்படுத்தவும் முடியாது, பிடுங்கி அழிப்பது ஒன்றே வழி. நோய் இருப்பது தெரியாமல் அந்த மரத்தின் கன்றை எடுத்து நட்டால், அடுத்த தோட்டமும் போச்சு. இப்படித்தான் சிறுமலையிலும் பழநி மலையின் கீழ்ப்பகுதிகளிலும் மலைவாழைத் தோட்டங்கள் பெருமளவில் அழிந்தன. வாழையை நம்பியிருந்த பலர் வேறு பயிருக்கு மாறினார்கள்.

தீவுகளின் பலவீனமே இதுதான். மொரிஷியஸ் தீவில் எதிரியே இல்லாமல் வாழ்ந்த டோடோ பறவை, மனிதர்களும் அவர்களோடு வந்த விலங்குகளும் கால் வைத்த பிறகு, 17-ம் நூற்றாண்டிலேயே அழிந்துபோனது. தனித்திருப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு, வெளியிலிருந்து ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால் அப்படியே கைவிட்டுவிடுகிறது.

சிறுமலை வாழை டோடோ ஆகவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உருவாக்கினார்கள். விவசாயிகள் நம்பி மறுபடியும் நட்டார்கள். 2008-ல் சிறுமலை மலைவாழைக்கும் விருப்பாச்சி மலைவாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019-ல் பழநி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. பழைய பரப்பு திரும்பவில்லை என்றாலும், பழம் திரும்பியிருக்கிறது. இன்றும் மலையில் புதுக்கன்று நடுபவர்கள், அது எந்தத் தோட்டத்துக் கன்று என்று விசாரித்துவிட்டுத்தான் குழி தோண்டுவார்கள்.

காட்டுமாடு நடக்கும் சாலை

மலையில் காட்டுமாடுகள் உண்டு. மாலை மயங்கினால் தோட்ட ஓரங்களிலும் சாலையிலும் தென்படும். ஆயிரம் கிலோவுக்கு நெருக்கமாக வளரக்கூடிய விலங்கு. ஹாரன் அடிப்பது, வண்டியை விட்டு இறங்கி செல்ஃபி எடுப்பது எல்லாம் வேண்டாம். வண்டியை நிறுத்தி, விளக்கைத் தணித்துக் காத்திருந்தால் தானாகவே போய்விடும். இருட்டுவதற்குள் மலையை விட்டு இறங்கிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

திண்டுக்கல் சமவெளியைச் சுற்றி இப்படித் தனித்து நிற்கும் காடுகள் இன்னும் சில இருக்கின்றன. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவியுள்ள கடவூர்க் காட்டுப் பகுதியை, 2022-ல் தேவாங்குகளுக்கான சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கு என்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. உள்ளங்கை அளவே உள்ள, பெரிய கண்களைக்கொண்ட அந்த இரவு விலங்கு, பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்கிறது. பார்ப்பதற்குப் பாவமான அந்தப் பிராணி, விவசாயிக்குச் சம்பளம் வாங்காத காவலாளி.

சிறுமலைக் காடும் அப்படித்தான். மேலே பெய்யும் மழையைப் பிடித்துவைத்து மெல்லக் கீழே அனுப்புகிறது. தெற்குச் சரிவில் இறங்கும் நீர் பாலமேடு பக்கம் உள்ள சாத்தையாறு அணைக்குப் போகிறது. மலையைப் பார்க்காத ஊர்களும் மலையின் தயவில்தான் வாழ்கின்றன.

மதியம் பிரியாணி, மாலை கோட்டை

மதியம் கீழே இறங்கிவிட்டால் பிரியாணிக்குச் சரியான நேரம். திண்டுக்கல் பிரியாணியின் அடையாளம் சீரகச் சம்பா அரிசி. சின்ன அரிசி மசாலாவை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். பாஸ்மதிபோல உதிர்ந்து ஓடாது. 1957-ல் ஒரு சிறிய ஓட்டலாகத் தொடங்கிய தலப்பாக்கட்டி இன்று கடல் கடந்தும் கிளை விரித்திருக்கிறது. உள்ளூரில் கேட்டால், ஆளுக்கு ஒரு கடையைக் கைகாட்டுவார்கள். ஒவ்வொருவரும் சத்தியம் செய்வார்கள். எல்லோரும் சொல்வது சரிதான்.

சாப்பிட்ட களைப்பு தீர்ந்ததும் பூட்டுக் கடைகளுக்குப் போகலாம். மாங்காய் வடிவப் பூட்டு, சாவியை மாற்றிப் போட்டால் சிக்கிக்கொள்ளும் பூட்டு, திறந்தால் மணி அடிக்கும் பூட்டு என்று ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பட்டறை இருந்தது. அலிகார் பூட்டும் இயந்திரப் பூட்டும் விலை குறைவாக வந்ததில் கைவினைஞர்கள் குறைந்துவிட்டார்கள். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கீகாரம் வந்தது, அடுத்த தலைமுறை பட்டறைக்கு வருவது மட்டும் அரிதாகிவிட்டது. வீட்டுக்கு ஒன்று வாங்கினால் நினைவுப் பொருளுக்கு நினைவுப் பொருள், காவலுக்குக் காவல்.

வெயில் தாழ்ந்ததும் கோட்டை. 1605-ல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் கட்டத் தொடங்கியது. 1755-ல் மைசூர்ப் படையோடு இங்கே வந்தவர் ஹைதர் அலி. பிறகு திப்பு, அதற்கும் பிறகு ஆங்கிலேயர். சிவகங்கையை இழந்த ராணி வேலு நாச்சியார், ஹைதர் அலியின் ஆதரவோடு தங்கியிருந்து படை திரட்டியது இந்தத் திண்டுக்கல் சீமையில்தான். 1780-ல் சிவகங்கையை மீட்டார். அவருக்குத் துணைநின்ற விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரை ஆங்கிலேயர்கள் 1801-ல் தூக்கிலிட்டார்கள். மலைவாழைக்குப் பெயர் கொடுத்த அதே விருப்பாச்சிதான்!

பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பீரங்கி மேடு, வெடிமருந்துக் கிடங்கு, கோயில் மண்டபம். கீழே பேகம்பூர் பெரிய பள்ளிவாசலின் மினார்கள் தெரியும். ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கியிருக்கும் இடம் அது. அவர் பெயரால்தான் அந்தப் பகுதியே பேகம்பூர். இன்னொரு பக்கம் தேவாலயக் கோபுரம், அபிராமி அம்மன் கோயில். எல்லாவற்றுக்கும் அப்பால் தென்கிழக்கில் நீலமாகச் சிறுமலை. காலையில் அங்கிருந்து இந்தப் பாறையைப் பார்த்த கண்கள், மாலையில் இங்கிருந்து அந்த மலையைப் பார்க்கும். நடுவில் சமவெளி, ஒரு பெரிய கடல்போல.

போகிறவர்கள் கவனத்துக்கு

* திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குப் பேருந்துகள் உண்டு, ஆனால் அடிக்கடி கிடையாது. திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் காலையிலேயே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.
* சொந்த வண்டி என்றால் பெட்ரோல், பிரேக் இரண்டையும் கீழேயே பார்த்துவிடுங்கள்.
* மலையில் சில இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.
* வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு மலை பச்சையாக இருக்கும். கோடையில் போனால் பலாப்பழம் கிடைக்கும், ஆனால் காட்டுத்தீ அபாயம் உள்ள காலம் அது. பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம்.
* தோட்டங்கள் எல்லாம் தனியார் நிலம். கேட்டுவிட்டு உள்ளே போங்கள். எலுமிச்சையோ காபிக்கொட்டையோ பறிக்க வேண்டாம், விலைக்கு வாங்குங்கள்.
* பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில் எதையும் மலையில் விடாதீர்கள். தீவில் போட்ட குப்பை தானாக எங்கும் போகாது.

ஊர் திரும்பும் முன் கடைசியாக ஒரு நிறுத்தம். திண்டுக்கல் நகரில் 'சிறுமலை செட்' என்ற இடம் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் வாழைத்தார்கள் ஏலத்துக்கு வரும் இடம். பெயரிலேயே மலையைச் சுமந்துகொண்டிருக்கும் சந்தை. அங்கே சுருங்கிய தோலோடு, பார்க்கச் சுமாராக ஒரு சீப்புப் பழம் தொங்கினால் தயங்காமல் வாங்குங்கள். காலையில் ஏதோ ஒரு குதிரை சுமந்து வந்த பழமாக இருக்கலாம்.

வீட்டுக்குப் போய் இரண்டு நாள் வைத்திருங்கள். தோல் இன்னும் சுருங்கும், மணம் இன்னும் கூடும். குழந்தைகள் "இது அழுகிப்போச்சும்மா" என்று சொல்லும்போது, உரித்துக் கொடுத்துவிட்டு, ஒரு மலையின் கதையைச் சொல்லலாம்.